முதல் எதிரி மனுத்தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாம் கட்சிகளில் சேரும் வழக்கறிஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போராட்டக்காரர்களுக்காகவும் ஏழைக் கைதிகளுக்காகவும் கோர்ட்டில் வாதாடியவர், அதே வாய்த்திறமையால் தேர்தலிலும் கரையேறிவிடுவார் என்ற தொனி அதில் இருந்தது. வாய்த்திறமைக்கு வேலை வருவதற்கு வெகு முன்பே பெரும்பாலானவர்களின் கதை முடிந்துவிடுகிறது. முடித்துவைப்பது பெரும்பாலும் ஒரு காகிதம்தான்.

நம் கோர்ட் வழக்கில் சொன்னால் இவர்கள் 'எதிரி தரப்பு வக்கீல்கள்'; எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1963இல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இந்த வேலையில் ஒரு பெரும் கூட்டமே உருவானது. அங்கே குற்ற வழக்கை நடத்தும் மாவட்ட அட்டர்னியைப் பெரும்பாலான மாநிலங்களில் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கடுமை காட்டுகிறேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்பதில் இரு கட்சிக்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. 1994ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் இரு தரப்பு ஓட்டுகளோடும் நிறைவேறி, ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டன் கையெழுத்தில்தான் வந்தது. யார் ஜெயித்தாலும் தன் மேஜைக்கு வரும் கட்டு ஒன்றுதான் என்று பார்த்துச் சலித்தவர் மூன்றாவது வாசலைத் தேடுவதில் வியப்பில்லை.

வாசலுக்கு முன்னால் ஒரு படி உண்டு. ஏழை எதிரிகளுக்காக வாதாடும் மத்திய அரசின் வக்கீல் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கான நடத்தை விதி கட்சி அரசியலை அனுமதிப்பதில்லை. வேட்பாளராக வேண்டுமென்றால் முதலில் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டும். மாநில, மாவட்ட அலுவலகங்களில் விதி இடத்துக்கு இடம் மாறும். அதைப் படிக்காமல் போட்டி என்று அறிவித்துவிடக் கூடாது.

அடுத்ததுதான் காகிதம்: வாக்குச்சீட்டில் பெயர் வர வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கும் மனுத்தாள். நம்மூரில் அங்கீகாரம் இல்லாத கட்சி வேட்பாளருக்குப் பத்து வாக்காளர்கள் முன்மொழிந்தால் போதும். அங்கே ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது விதிகள். நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் விதியை மாற்றினார்கள். அதுவரை மாநில அளவிலான பதவிக்கு, அங்கீகாரம் இல்லாத கட்சியினரும் கொடுக்க வேண்டிய சுயேச்சை மனுவில் 15,000 கையெழுத்து போதும் என்றிருந்ததை 45,000 ஆக்கினார்கள். அவகாசம் அதே 42 நாள். நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேல். அதுவும் செல்லுபடியாகும் கையெழுத்து மட்டும். தள்ளுபடியாகப் போவதற்கு ஈடாகப் பாதி அளவு கூடுதலாகச் சேர்த்தால் 67,500, அதாவது நாளுக்கு 1,600. ஒருவர் மணிக்குப் பத்துப் பேரிடம் வாங்குவதாக வைத்தாலும், நாற்பது பேர் தினம் நான்கு மணி நேரம் ஆறு வாரம் தெருவில் நிற்க வேண்டும். மழையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2022 ஆளுநர் தேர்தலில் நியூயார்க் வாக்குச்சீட்டில் இருந்த வேட்பாளர்கள் இரண்டே பேர். பசுமைக் கட்சியும் லிபர்டேரியன் கட்சியும் 45,000ஐத் தாண்ட முடியவில்லை. குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு வாக்குச்சீட்டில் வேறொரு கட்சிப் பெயரிலும் கூடுதலாக ஒரு வரிசை பிடிக்கத் தாக்கல் செய்த மனுகூட, உள்ளே ஆயிரக்கணக்கான கையெழுத்துகள் ஜெராக்ஸ் நகல் என்று தெரிந்து விழுந்தது.

கையெழுத்து எப்படிச் செத்துப்போகிறது? போட்டவர் வாக்காளர் பட்டியலில் இல்லாமல் இருப்பார். இருந்தாலும் வீடு மாறியிருப்பார், பட்டியலில் பழைய முகவரி நிற்கும். அதே பதவிக்கு வேறொரு வேட்பாளர் மனுவில் முன்னதாகவே போட்டிருப்பார். தேதி விட்டுப்போயிருக்கும். இவையெல்லாம் ஒவ்வொன்றாகத்தான் போகும். மொத்தமாகப் போவது, கையெழுத்து வாங்கியவர் தாளின் அடியில் சாட்சியாகக் கொடுக்கும் உறுதிமொழியில் தவறு வரும்போது. எத்தனை கையெழுத்து என்ற இடத்தைக் காலியாக விட்டாலோ, சாட்சிக்கு அந்தத் தகுதியே இல்லாமல் போனாலோ அந்தத் தாள் முழுக்க வீண். ஆகவே வாங்கி வந்த தாளை அன்றிரவே பட்டியலோடு ஒப்பிட்டு, தவறு செய்யும் தன்னார்வலரை மறுநாள் காலையிலேயே திருத்த வேண்டும். கடைசி வாரத்தில் மூட்டையாகப் பிரித்துப் பார்ப்பவர் தோற்றுவிட்டார் என்றே கொள்ளலாம். தாக்கல் செய்தாலும் நிம்மதி கிடையாது. நியூயார்க்கில் மூன்று நாளுக்குள் யாரேனும் ஆட்சேபம் கொடுக்கலாம். அடுத்த ஆறு நாளில் வரிவாரியாக விவரம் கொடுப்பார்கள். அப்போது பழைய கோர்ட் அனுபவம் கைகொடுக்கும்.

எண்ணிக்கை கூடியும் விழுந்த மனுக்கள் உண்டு. 2024இல் நெவாடாவில் பசுமைக் கட்சிக்குத் தேவைப்பட்டது 10,095 கையெழுத்து. அவர்கள் கொடுத்தது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் பயன்படுத்திய படிவம் வேறு. மக்கள் நேரடியாகச் சட்டம் கொண்டுவருவதற்கான மனுப் படிவம் அது. கையெழுத்திட்டவர்கள் தத்தம் மாவட்டத்தில் பதிவான வாக்காளர்கள் என நம்புவதாகக் கையெழுத்து வாங்கியவர் உறுதி சொல்லும் வரி அதில் இல்லை. அந்தப் படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பியதே மாநிலத் தேர்தல் அலுவலகம். இருந்தும் ஜனநாயகக் கட்சி தொடுத்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 5–2 என்று கட்சியின் பெயரை நீக்கியது. அதிகாரி கொடுத்த படிவம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. படிவத்தை யார் கொடுத்தாலும் சட்டப் பிரிவை விரித்துவைத்து வரிக்கு வரி ஒப்பிட ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தால் கதை மாறியிருக்கும்.

2020இல் விஸ்கான்சினில் அதே பசுமைக் கட்சிக்கு 2,000 கையெழுத்து வேண்டும். துணை அதிபர் வேட்பாளர் நடுவில் வீடு மாறியதால் சில தாள்களில் பழைய முகவரியும் சிலவற்றில் புதிய முகவரியும் இருந்தன. 1,834 கையெழுத்து அந்த ஒரு காரணத்தால் சிக்கிக்கொண்டது. கோர்ட்டுக்குப் போனார்கள். வாக்குச்சீட்டு அச்சேறும் நேரத்தில் வந்திருக்கிறீர்கள், தாமதம் என்று 4–3 பெரும்பான்மை கைவிரித்தது. அதே ஆண்டு பென்சில்வேனியாவில், பதிலி வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் அசலாக வராமல் ஃபேக்ஸில் வந்தது என்பது வினையானது. தேர்தல் வழக்கில் நியாயத்தைவிட நாள்காட்டி பெரிது.

சட்டத்தை எதிர்த்தே வழக்குப் போடலாமே என்பீர்கள். போட்டிருக்கிறார்கள். ஓஹையோ புதிய கட்சிகளிடம் 15% கையெழுத்துக் கேட்டதை 1968இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்றே ஆண்டு கழித்து ஜார்ஜியாவின் 5% விதி சரிதான் என்றது. அந்த 5% விதி 1943இல் வந்தது. அன்றிலிருந்து ஜார்ஜியாவில் எந்த மூன்றாம் கட்சி வேட்பாளரும் மனு வழியாக அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் வாக்குச்சீட்டில் ஏறியதில்லை. தாக்கலுக்கான கடைசி நாளை மார்ச் மாதத்திலேயே வைத்தது தவறு என்று 1983இல் ஆண்டர்சன் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆண்டர்சன் சுயேச்சையாகப் போட்டியிட்ட அதிபர் தேர்தலோ 1980.

கட்டுரை தொடாத இன்னொரு சிக்கல் கட்சிக்காரர் சம்பந்தப்பட்டது. கட்சிக்காரர் என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு பொருள்: வக்கீலின் கட்சிக்காரர் ஒருவர், அரசியல் கட்சிக்காரர் இன்னொருவர். இருவரும் எதிரெதிர்த் திசையில் இழுத்தால்? 1911இல் லாஸ் ஏஞ்சலஸில் அதுதான் நடந்தது. அங்கே சோஷலிஸ்ட் கட்சியின் மேயர் வேட்பாளர் ஜாப் ஹாரிமன், வக்கீல். 1910 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் கட்டடத்தில் நடந்த குண்டுவெடிப்பு வழக்கில் மெக்னமாரா சகோதரர்களுக்காகக் கிளாரன்ஸ் டாரோவோடு சேர்ந்து ஆஜரானவர். அவர்கள் நிரபராதிகள் என்பதே தொழிலாளர் இயக்கத்தின் முழக்கம். முதல் சுற்றில் ஹாரிமன்தான் முன்னணி. இறுதி வாக்குப்பதிவு டிசம்பர் 5. டிசம்பர் 1ஆம் தேதி சகோதரர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தூக்கிலிருந்து தப்ப டாரோ பேசி முடித்த ஏற்பாடு அது. ஹாரிமனுக்குச் சொல்லவே இல்லை. அவருடைய சட்டை வில்லைகள் சாக்கடையில் கிடந்தன. தேர்தலில் தோற்றார்.

டாரோ செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். குற்றத்தை ஒப்புக்கொள்வதா இல்லையா என்பது எதிரியின் முடிவு, வக்கீலின் முடிவல்ல என்பதுதான் இன்றைய அமெரிக்க வழக்கறிஞர் நடத்தை விதியும். வக்கீலின் சொந்த நலன் குறுக்கிடும் வழக்கை, கட்சிக்காரரின் எழுத்து மூலமான சம்மதமின்றி நடத்தக் கூடாது என்றும் அது சொல்கிறது. பிரசார மேடையில் நடப்பு வழக்கைப் பேசினால், விசாரணையைப் பாதிக்கும் பேச்சு என்று பார் கவுன்சில் நடவடிக்கையும் வரலாம். தேர்தலில் நிற்பவர் பெயர் பெற்றுத் தரும் வழக்குகளை முன்கூட்டியே வேறு கையில் ஒப்படைப்பதுதான் சரி. அந்த வழக்குகளால்தான் அவருக்குப் பெயரே வந்திருக்கும். அது வேறு சங்கடம்.

ஜெயித்தவரே இல்லையா? இருக்கிறார். அட்லாண்டாவில் பட்டினி ஊர்வலம் நடத்திய 19 வயது ஏஞ்சலோ ஹெர்ண்டன் என்ற கறுப்பினத் தொழிலாளி மீது 1932இல் கலகம் தூண்டியதாக வழக்கு. அடிமைக் கலகங்களை ஒடுக்கப் பிறந்த சட்டத்தின் வாரிசு அந்தப் பிரிவு. ஹெர்ண்டனுக்கு 18 முதல் 20 ஆண்டு தண்டனை. அவருக்காக வாதாடிய இளம் கறுப்பின வக்கீல் பெஞ்சமின் டேவிஸ், அந்த விசாரணையில் நீதிபதி தன்னையும் தன் கட்சிக்காரரையும் நடத்திய விதத்தைப் பார்த்தே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். தண்டனையை 1937இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்று ரத்து செய்தது. டேவிஸ் 1943இல் நியூயார்க் நகர மன்றத்துக்குத் தேர்வானார், 1945இல் மறுபடியும்.

அவரால் எப்படி ஜெயிக்க முடிந்தது? அப்போது அந்த நகரத்தில் விகிதாசாரத் தேர்தல். வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். மன்ஹாட்டன் போன்ற நகரப் பெரும்பிரிவு ஒன்றில் (பரோ) 75,000 ஓட்டுக்கு ஓர் இடம். மன்ஹாட்டன் முழுக்கச் சிதறிக் கிடந்த ஆதரவைத் திரட்டினால் போதும், முதலாவதாக வர வேண்டியதில்லை. 1945இல் 23 இடங்களில் ஜனநாயகக் கட்சிக்கு 14, மற்றவை நான்கு கட்சிகளுக்கு. 1947இல் பொது வாக்கெடுப்பில் அந்த முறையை எடுத்தார்கள். 1949இல் தனித்தனி வட்டாரங்கள். டேவிஸை எதிர்த்து ஜனநாயக, குடியரசு, லிபரல் கட்சிகள் மூன்றும் ஒரே ஆளை நிறுத்தின. டேவிஸ் தோற்றார். மன்றத்தின் 25 இடங்களில் 24 ஜனநாயகக் கட்சிக்குப் போனது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மூன்றாம் கட்சி வேட்பாளர் எத்தனை சதவீதம் வாங்கினார் என்று அட்டவணை போடும்போது, எத்தனை மாநில வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருந்தது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். 2004இல் வழக்கறிஞரும் நுகர்வோர் உரிமைப் போராளியுமான ரால்ஃப் நாடருக்கு 0.38% என்று மட்டும் போட்டால் பாதிச் செய்திதான். 34 மாநிலங்களிலும் தலைநகரிலும் மட்டுமே அவர் பெயர் அச்சாகியிருந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்