பங்கு கேளுங்கள், பானையோடு தூக்காதீர்கள்

கேம் நிறுவனத்தின் காப்பிரைட் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் கேமைத் தமிழில் பேசிக்கொண்டே விளையாடி யூடியூபில் போடுகிறவன் நான். ஊர் பெங்களூரு, அல்சூர். போன வாரம் என் வீடியோ மேல், அதன் விளம்பரப் பணம் முழுக்க உங்களுக்கே என்று வந்த காப்பிரைட் கிளெய்மைப் பற்றி உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, போட்டதே நீங்கள்தானே.

அந்த 42 நிமிட வீடியோ எப்படி உருவானது என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஆட்டோ ஹார்னும் தண்ணி லாரியும் அடங்க ராத்திரி பதினொன்றரை ஆகும். அப்புறம் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போர்வையைக் கட்டி, ஃபேனை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் தூங்கும் அம்மா விழித்துவிடாதபடி பேச வேண்டும். கேமின் கடைசிப் பெரிய வில்லனை (பாஸ்) வீழ்த்தியபோது வாயைப் பொத்திக்கொண்டுதான் கத்தினேன். (பார்த்தவர்களுக்குப் பிடித்ததே அந்த இடம்தான்.) மொத்தம் நாலு ராத்திரி. அதில் உங்கள் கட்சீன், அதாவது கேமுக்குள் படம் போல ஓடும் கதைக் காட்சி, ஒன்றரை நிமிடம். அதற்காக 42 நிமிடத்தின் விளம்பரப் பணமும் உங்களுக்கே. கட்சீனை வெட்டிவிடலாம்தான். ஆனால் கதை முடிவதே அங்கேதான்.

கேம் உங்களுடையது, மறுக்கவில்லை. பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். முழுசாக எடுக்காதீர்கள்.

ஜப்பான் கேம் நிறுவனமான நின்டென்டோவும் 2013-இல் ரசிகர் வீடியோக்களின் விளம்பரப் பணத்தைத் தன் பக்கம் திருப்பியது. 2015-இல் கொஞ்சம் இறங்கிவந்து, பதிவு செய்த வீடியோவுக்கு 60 சதவீதம், சேனலுக்கு 70 சதவீதம் என்று பங்கு கொடுத்தது. 2018 முடிவில் அந்தத் திட்டத்தையும் மூடி, விதிமுறைக்குள் இருந்தால் சம்பாதித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. அதனால் அந்த நிறுவனம் நொடித்துப்போகவில்லை.

உங்கள் கிளெய்முக்கு யூடியூபில் ஆட்சேபம் தெரிவித்துவிட்டேன். பதில் சொல்ல உங்களுக்கு 30 நாள். அதுவரை பணம் யூடியூபிடம் நிற்கும். வீட்டு ஓனர் நிற்பாரா?

உங்கள் கேமில் தமிழ் சப்டைட்டில் கிடையாது. என் வீடியோவில் கதை புரிந்து கேமை வாங்கியதாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஊரில் சரக்கு விற்றுக் கொடுப்பவனுக்குக் கமிஷன் தருவார்கள். நீங்கள் அவன் கூலியையும் வாங்கிக்கொள்கிறீர்கள். அப்படியே என் கரண்ட் பில் மேலும் ஒரு கிளெய்ம் போடுங்களேன், ஆட்சேபமே தெரிவிக்க மாட்டேன்.

சரி, கொஞ்சம் சூடாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு உரிய பங்கை வைத்துக்கொண்டு மீதியை விடுவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் 30-ஆம் நாள் வரை காத்திருக்காமல்.

இப்படிக்கு,
போர்வைக்குள்ளிருந்து பேசுகிறவன்