பவர் சப்ளையை வாட் மட்டும் பார்த்து எடுக்காதீர்கள்: கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருவோருக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

உங்கள் கொட்டேஷனில் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மாடல் எண் வரை எழுதுகிறீர்கள். பவர் சப்ளைக்கு மட்டும் "650 வாட்" என்பதோடு சரி. இனி அது போதாது.

2016-இல் ஜிடிஎக்ஸ் 1080 கார்டுக்கு 180 வாட். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3090-க்கு 350. 2025-இல் 5090-க்கு 575. கோர் ஐ9-14900கே பிராசஸரின் அடிப்படை அளவு 125 வாட்தான். டர்போவில், அதாவது முழு வேகத்தில், 253 வரை போகும். இந்தச் சுமை ஏறக்குறைய முழுதும் சப்ளையின் 12 வோல்ட் வழியில் விழுகிறது. அதனால் சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே 500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 12 வோல்ட் கட்டத்தில் 30 ஆம்பியர் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 360 வாட்தான்.

கூட்டிக் கழித்துச் சரியாக எடுத்தாலும் ஒரு வில்லங்கம் உண்டு. பெரிய கார்டுகள் மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்குத் தம் அளவைப்போல் இரு மடங்கு வரைகூட இழுக்கும். பழைய சப்ளையின் பாதுகாப்புச் சுற்று அதை ஓவர்லோடு என்று எடுத்துக்கொண்டு அணைத்துவிடும். விளையாட்டின் நடுவே மெஷின் பட்டென்று நிற்கும். விண்டோஸ் பதிவில் கெர்னல்-பவர் 41 என்ற பிழைக்குறிப்பு மட்டும் இருக்கும். மெஷின் முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. உடனே ராமை மாற்றுவதும் விண்டோஸை மறுபடி ஏற்றுவதும் வீண்வேலை. பவர் சப்ளைகளுக்கான வடிவமைப்பு விதியான ஏடிஎக்ஸின் 2022-இல் வந்த 3.0 பதிப்பின்படி, 450 வாட்டுக்கு மேற்பட்ட சப்ளை 100 மைக்ரோ விநாடிக்கு 200 சதவீதச் சுமையைத் தாங்க வேண்டும். 80 பிளஸ் கோல்டு முத்திரை இதற்குச் சான்றல்ல. அது மின்விரயத்தை அளப்பது.

ஆகவே 12 வோல்ட் ஆம்பியர், ஏடிஎக்ஸ் பதிப்பு, கார்டுக்கான கனெக்டர் வகை, மூன்றையும் கொட்டேஷனில் எழுதுங்கள். அதற்காக எல்லார் தலையிலும் 1000 வாட்டைக் கட்டச் சொல்லவில்லை; தனி கார்டு இல்லாத சாதாரண அலுவலக மெஷினுக்கு நல்ல 400 வாட் தாராளம்.

பெரிய கார்டுக்கு மின்சாரம் தரும் புதிய 16 பின் கனெக்டரில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர், 12 வோல்ட்டைச் சுமக்கும் ஆறு பின்களில் தலா 8.3. இரண்டு பின்கள் சரியாகத் தொடாவிட்டால் மற்ற நான்கும் 12.5 ஆம்பியரைச் சுமக்கும். அவற்றின் வரம்போ 9.5-தான். பிளாஸ்டிக் உருகுவது இப்படித்தான். இடைவெளியே தெரியாதபடி அழுத்திச் செருகுங்கள். முதல் 35 மி.மீ. வரை கேபிளை மடக்காதீர்கள். முடிந்தால், எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று கார்டுக்குச் சொல்லும் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கிய 12வி-2x6 கனெக்டர் வகையையே எடுங்கள்.

இன்னொன்று: சப்ளையை மாற்றும்போது பழைய மாடுலர் கேபிள்களை, அதாவது சப்ளையிலிருந்து கழற்றி மாட்டக்கூடியவற்றை, அப்படியே விட்டுவிடாதீர்கள். சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் ஆன் செய்த நொடியே போய்விடும்.