பாட்டை நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு

என் இரண்டாவது சிசேரியன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது. குழந்தை மடியில் தூங்குகிறது, எழுத ஒரு கைதான் காலி. அதனால் இந்த நன்றி மடல் விட்டு விட்டுத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிசேரியன் என்றால் தூங்க வைத்துவிடுவார்கள் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. முதுகில் ஊசி போட்டு மார்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பதோடு சரி. தாய் முழு நினைவோடு படுத்திருப்பாள். நெஞ்சுக்கு மேல் ஒரு திரை. ஒரு கையில் சலைன், இன்னொரு கையில் ரத்த அழுத்தப் பட்டை. கண்ணுக்கும் வேலையில்லை, கைக்கும் வேலையில்லை. மிச்சம் இருப்பது காது மட்டும்தான்.

முதல் பிரசவத்தில், வேறொரு மருத்துவமனையில், அந்தக் காது என்னைப் பாடாய்ப் படுத்தியது. கருவிகள் தட்டில் விழும் சத்தம். ரத்தத்தையும் பனிக்குட நீரையும் உறிஞ்சும் குழாயின் கொரகொரப்பு. நடுவில் இருவர் யாருக்கு எந்த நாள் விடுப்பு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அது அவர்களுடைய அன்றாட வேலை. ஆனால் என் மகள் பிறந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்த விடுப்புக் கணக்குதான்.

அதனால் இந்த முறை முன்கூட்டியே கேட்டேன்: ஆபரேஷன் தியேட்டரில் பாட்டு போடலாமா?

முதல் நன்றி மயக்க டாக்டருக்கு. ஒவ்வாமை உண்டா, முன்பு மயக்க மருந்தால் தொந்தரவு வந்ததா என்றெல்லாம் விசாரித்து எழுதியவர், என் கேள்வியையும் அதே தாளில் குறித்துக்கொண்டார். இரண்டு காதையும் அடைக்கும் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம் என்றார். "குமட்டுதா, மூச்சு விட முடியுதான்னு நான் கேட்டா உங்களுக்குக் கேட்கணும்." சிறிய ஸ்பீக்கர் ஒன்றைத் தலைமாட்டில் வைக்கலாம், ஆனால் அவர் சொல்லும் அளவுக்கு மேல் சத்தம் கூடாது. காரணத்தையும் சொன்னார். விரலில் மாட்டும் கருவியின் பீப் ஒலி, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சுருதி இறங்குமாம். மானிட்டரைப் பார்க்காமலே அவர் அதைக் காதால் கண்டுபிடித்துவிடுவார். என் பாட்டு அதை மூழ்கடித்துவிடக் கூடாது. அந்த அறையில் சுருதி பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்!

அறுவை சிகிச்சை செய்த டாக்டரம்மாவுக்கு அமைதிதான் பிடிக்கும். ஆனாலும் சம்மதித்தார். "நிறுத்துங்கன்னு சொன்னா உடனே நிறுத்தணும், அவ்வளவுதான்" என்றார். நியாயமான நிபந்தனை.

என் கணவர் எதற்கும் ஆதாரம் கேட்பவர். தேடிப் பார்த்து, சிசேரியனின்போது இசை கேட்பது பற்றி 2009-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வை, அதாவது நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அறிக்கையை, கண்டுபிடித்தார். அதில் சேர்ந்தது ஒரே ஒரு ஆய்வு, மொத்தம் 76 பெண்கள். நாடித்துடிப்பிலும் மனநிறைவிலும் ஏதோ கொஞ்சம் நன்மை தெரிந்ததாம். "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவு போதும் என்றேன். நான் கேட்டது மருந்து இல்லையே. அப்புறம் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டுதலையும் அவரே எடுத்துக்கொடுத்தார். தியேட்டரில் இசை வேண்டும் என்றோ, குழந்தை முதலில் கேட்பது தன் குரலாக இருக்க அமைதி வேண்டும் என்றோ தாய் விரும்பினால், முடிந்தவரை அதற்கு இடம் கொடுக்கச் சொல்கிறது அது. அமைதியையும் கேட்டு வாங்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நன்றி, ஆதாரம் கேட்பவரே.

பாட்டுகளைத் தொகுத்தது அக்கா. எல்லாவற்றையும் முன்பே ஃபோனில் இறக்கி வைத்துக்கொள், விமானப் பயன்முறையில் போட்டுவிடு என்று படித்துப் படித்துச் சொன்னாள். நான் ஒரு பாட்டை மறந்துவிட்டேன். விளைவு: முதுகை வளைத்து உட்கார்ந்திருக்கிறேன், கிருமிநாசினி சில்லென்று வழிகிறது, புல்லாங்குழல் நின்று ஆயுள் காப்பீட்டு விளம்பரம் தொடங்குகிறது. தியேட்டரே சிரித்தது. நல்லவேளை, ஊசி இன்னும் டாக்டர் கைக்கு வரவில்லை. ஃபோனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த டெக்னீஷியன் தம்பி, உறைக்கு மேலேயே விரலால் தட்டி அதை நிறுத்தினார். அதன்பின் கடைசிவரை ஒலியைக் கூட்டியதும் குறைத்ததும் அவர்தான். இந்த மடலில் பெரிய பங்கு அவருக்கு.

ஊசி போட்ட சற்று நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கி, குமட்டிக்கொண்டு வந்தது. அந்த இரண்டு நிமிடம் எந்தப் பாட்டும் எனக்கு உதவவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மயக்க டாக்டர் சலைன் வழியாகச் செலுத்திய மருந்துதான் உதவியது. கத்தி வைப்பதற்கு முன் தம்பி பாட்டை நிறுத்தினார். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியலின்படி, யாருக்கு என்ன சிகிச்சை என்பதை எல்லோரும் நின்று உரக்கச் சரிபார்க்கும் நேரம் அது. அப்புறம் மறுபடி குழல்.

வலி இல்லை. ஆனால் யாரோ வயிற்றுக்குள் கைவிட்டுத் துழாவுவது போல இழுபறி தெரியும். பாட்டின் அடுத்த வரி எது என்று யோசித்துக்கொண்டே அதைக் கடந்தேன். "இப்ப மேல் வயித்தை அழுத்துவோம்" என்று டாக்டரம்மா சொன்னதும், நான் கேட்டிருந்தபடி குழல் நின்றது. யாரும் பேசவில்லை. முதல் பிரசவத்தில் எனக்குக் கிடைக்காத அமைதி அது. அதற்குள் ஓர் அழுகை.

பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், தாயின் குரலைக் கேட்பதற்காகச் சப்பும் தாளத்தையே மாற்றிக்கொண்டதை 1980-இல் டிகேஸ்பர், ஃபைஃபர் என்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து என்ன பேசுவது என்று பல நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். கடைசியில் வாயில் வந்தது "வந்துட்டியாடா?" மட்டும்தான். கன்னத்தோடு ஒட்டி வைத்தார்கள். அழுகை குறைந்தது. குரலாலா, கதகதப்பாலா, தெரியவில்லை.

தையல் போடுவதுதான் நீண்ட நேரம். எனக்கு உடம்பு உதறியது. அப்போது வந்தது பட்டியலின் கடைசி ஒலிப்பதிவு: அம்மா தாலாட்டு முனகுவது. அக்கா எனக்குத் தெரியாமல் சேர்த்திருக்கிறாள். கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் போனது, துடைக்கக் கை இல்லை. தம்பி பஞ்சால் ஒற்றி எடுத்தார். பஞ்சுத் துணிகளையும் கருவிகளையும் எண்ணத் தொடங்கியதும் அம்மாவின் குரலையும் தயங்காமல் குறைத்தார். எண்ணிய சிஸ்டர் "சரியா இருக்கு" என்ற பிறகுதான் கூட்டினார்.

மறுநாள் டாக்டரம்மா வார்டுக்கு வந்து தையலைப் பார்த்தார். "எல்லாம் நல்லாயிருக்கு. அந்த ரெண்டாவது பாட்டுதான் எனக்குப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்களுக்கும் நன்றி, டாக்டர்!

எண்ணிய அந்த சிஸ்டர், அடுத்து வருகிறவர்களுக்காகப் பாட்டுப் பட்டியலைக் கேட்டார். விளம்பரம் வந்த பாட்டையும் இறக்கி, மொத்தமாகக் கொடுத்தேன். அம்மா முனகியதை மட்டும் எடுத்துவிட்டேன்.