கோட்டும் டையும் இல்லாமல் ஐ.நா. நடத்தலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதிரி ஐ.நா. மாநாடுகள் பற்றி உங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து ஐ.நா. கூட்டத்தைப் போலவே விவாதித்துத் தீர்மானம் நிறைவேற்றிப் பார்ப்பது இது. 'எம்.யு.என்.' என்ற பெயரில் நகரத்துத் தனியார் பள்ளிகளில் பரவியிருக்கும் இந்தப் பயிற்சி பிள்ளைகளுக்குப் பேச்சாற்றலும் தன்னம்பிக்கையும் தருகிறது என்கிறார் கட்டுரையாளர். தரட்டும், நல்லதுதான். ஆனால் அதற்குப் பட்டிமன்றமே போதுமே! இந்தப் பயிற்சியில் மட்டுமே கிடைக்கிற ஒன்று உண்டு. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பட்டிமன்றத்தில் எதிரணியை மடக்கினால் கைதட்டல் விழும், வீட்டுக்குப் போய்விடலாம். மாதிரி ஐ.நா.வில் பேசி முடித்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. மடக்கிய ஆளிடமே போய் உட்கார்ந்து, அவரும் கை தூக்கக்கூடிய ஒரு தீர்மானத்தை எழுத வேண்டும். அதுவும் நம் சொந்தக் கருத்தை வைத்துக்கொண்டு அல்ல. நம் கையில் எந்த நாட்டின் பெயரட்டை இருக்கிறதோ, அந்த நாடு எதைச் சொல்லுமோ அதைச் சொல்லி.

எங்கள் பத்தாம் வகுப்பில் நான் எடுத்துக்கொண்டது 2012 மார்ச்சில் ஜெனீவாவில் நடந்த வாக்கெடுப்பு. இலங்கை குறித்து அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 47 உறுப்பு நாடுகள். எங்கள் வகுப்பில் அத்தனை பேர் இல்லாததால் முக்கியமான நாடுகளை மட்டும் வைத்துக்கொண்டோம். இலங்கை அப்போது பேரவையில் உறுப்பினர் இல்லை, ஆனால் சம்பந்தப்பட்ட நாடு என்ற முறையில் பேசலாம். அந்த அட்டை கைக்கு வந்ததும் அந்த மாணவியின் முகம் மாறிவிட்டது. "டீச்சர், வேற நாடு குடுங்க." கொடுக்கவில்லை. "நீ அவங்க பக்கம் சேர வேண்டாம்மா, அவங்க அங்கே என்ன சொன்னாங்கங்கிறதை மட்டும் சொல்லு" என்றேன்.

இரண்டு நாள் தேடிப் படித்துவிட்டு வந்து பேசினாள். போர் முடிந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. நாங்களே ஒரு நல்லிணக்க ஆணைக்குழு அமைத்தோம், அதன் அறிக்கை இப்போதுதான் வெளிவந்திருக்கிறது, அவகாசம் கொடுங்கள், வெளியிலிருந்து நெருக்கினால் நல்லிணக்கம் கெட்டுப்போகும் என்றாள். வகுப்பு கொதித்தது. அமெரிக்காவாக இருந்த பையனுக்குக் கோபம் நிறைய இருந்தது, பதில் இல்லை. கத்தினான், உட்கார்ந்தான். அடுத்த வகுப்புக்கு அவன் தீர்மானத்தின் வாசகத்தைப் படித்துவிட்டு வந்து கேட்டான்: "உங்க ஆணைக்குழு சொன்னதைத்தானே செய்யச் சொல்றோம்? அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" அந்தத் தீர்மானத்தின் முதல் கோரிக்கை நிஜமாகவே அதுதான். எதிராளி என்ன சொல்கிறார் என்பதை முழுசாகக் கேட்டதால் மட்டுமே அவனுக்கு அந்தக் கேள்வி கிடைத்தது.

இந்தியாவின் நாற்காலியில் இருந்தவளுக்கு வேறு சிக்கல். ஆதரிக்கவும் வேண்டும், பக்கத்து நாட்டின் உறவும் கெடக்கூடாது. அன்றைக்கு ஜெனீவாவில் இந்தியா செய்ததை வகுப்பில் எடுத்துச் சொன்னேன்: ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் தரும் ஆலோசனையும் தொழில்நுட்ப உதவியும் இலங்கை அரசின் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும் என்று ஒரு திருத்தத்தைச் சேர்க்கவைத்துவிட்டு ஆதரவாக வாக்களித்தது. 24 நாடுகள் ஆதரவு, 15 எதிர்ப்பு, 8 நடுநிலை. அடுத்த ஆண்டும் இந்தியா ஆதரித்தது. 2014-ல் சர்வதேச விசாரணை என்ற அம்சம் வந்ததும், இது அத்துமீறிய தலையீடு என்று காரணம் சொல்லி நடுநிலை வகித்தது. அந்தத் திருத்தம் சரியா, இல்லை தீர்மானத்தின் பல்லைப் பிடுங்கியதா? எங்கள் வகுப்பு இதில் இரண்டாகப் பிரிந்தது, இன்னும் சேரவில்லை. எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பிள்ளைகளிடம் சொல்லவில்லை, இங்கேயும் வேண்டாம்.

ஜனநாயகப் பண்பை வளர்க்கிறது என்றும் கட்டுரை சொல்கிறது. இதில் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும். 193 நாடுகள் இருக்கும் பொதுச்சபையில் சின்ன நாட்டுக்கும் பெரிய நாட்டுக்கும் ஒரே ஒரு வாக்கு, சரி. பாதுகாப்பு அவையின் கதை வேறு. உக்ரைன் மீதான படையெடுப்பு குறித்து 2022 பிப்ரவரி 25 அன்று நடந்த வாக்கெடுப்பை வகுப்பில் செய்து பார்த்தோம். 15 நாற்காலிகள், ஆதரவாக 11 கைகள். இந்தியா, சீனா, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் மூன்றும் நடுநிலை. எதிராக ரஷ்யாவின் ஒரே கை. ஆனால் ரஷ்யா ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒன்று. அந்த ஐந்தில் எது எதிர்த்தாலும் தீர்மானம் விழும், அதுதான் வீட்டோ. தீர்மானம் தோற்றது என்று அறிவித்ததும் பின்வரிசைப் பையன் எழுந்து, "டீச்சர், பதினொண்ணு பெருசா, ஒண்ணு பெருசா?" என்றான். 1945-ல் ஐ.நா.வை உருவாக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடிய மாநாட்டில் சின்ன நாடுகளும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டன. வீட்டோ இல்லையென்றால் ஐ.நா. சாசனமே இல்லை என்று பெரிய நாடுகள் முடிவாகச் சொல்லிவிட்டன.

அந்த மாநாட்டிலேயே நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிச் சாசனத்தில் கையெழுத்திட்டவர் நீதிக்கட்சிப் பிரமுகரும் முன்னாள் சென்னை மேயருமான ஏ.ராமசாமி முதலியார். ஐ.நா. பொருளாதார, சமூக அவையின் முதல் தலைவரும் அவர்தான். ஆனால் அவரை அனுப்பியது பிரிட்டிஷ் அரசு. இந்தக் குழு இந்திய மக்களின் பிரதிநிதி அல்ல என்று அதே ஊரில் வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தார் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். எட்டே வருடத்தில் அவரே பொதுச்சபையின் தலைவரானார். ஒரு நாட்டுக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்று கேட்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது என் மனக்குறை. பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் பள்ளி நடத்திய மாநாட்டுக்கு எங்கள் பிள்ளைகள் சிலரைக் கூட்டிப் போனேன். தலைக்கு ஆயிரத்துக்கும் மேல் கட்டணம், கோட்டும் டையும் கட்டாயம், ஆங்கிலத்தில் மட்டும்தான் பேச வேண்டும். கோட்டை வாடகைக்கு எடுத்தோம். ஆங்கிலத்துக்கு என்ன செய்வது? விஷயம் தெரிந்த பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. 'பெஸ்ட் டெலிகேட்' பரிசு அதிக நேரம் மைக்கைப் பிடித்திருந்தவருக்குப் போனது. தீர்மானத்தை உட்கார்ந்து எழுதிய குழுவில் இருந்த யாரையும் மேடைக்குக் கூப்பிடவில்லை. ராஜதந்திரப் பயிற்சியில் அடுத்தவரைப் பேசவிடாதவருக்குப் பரிசு என்றால் அதை எங்கே போய்ச் சொல்வது?

அசல் ஐ.நா.வே இவ்வளவு கறாராக இல்லை. அலுவல் மொழிகள் ஆறு. அவற்றில் இல்லாத மொழியிலும் பொதுச்சபையில் பேசலாம். மொழிபெயர்ப்புக்கு மட்டும் அவரவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வாஜ்பாய் 1977-ல் இந்தியில் பேசினாரே! தமிழில் மாதிரி ஐ.நா. நடத்த எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. செலவும் இல்லை: அட்டையில் நாட்டின் பெயர், வட்டமாக நாற்காலிகள், வாரத்துக்கு இரண்டு பாடவேளை. நம் அரசுப் பள்ளிகளில் மன்றச் செயல்பாடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் ஒன்றாக இதைச் சேர்க்கலாம். தனிநபர் பரிசு மட்டும் வேண்டாம்.

இதில் நான் உண்மையாகவே திணறுவது வேறு இடத்தில். தீர்மானங்களின் முழு வாசகமும் தமிழில் கிடைப்பதில்லை. ராத்திரி உட்கார்ந்து நானே மொழிபெயர்த்து, நகலெடுத்துக் கொடுக்கிறேன். சட்டச் சொற்களில் தடுமாறுகிறேன். உங்கள் மாணவர் இணைப்பில் மாதம் ஒரு தீர்மானத்தை, யார் எப்படி வாக்களித்தார்கள் என்ற பட்டியலோடு, நல்ல தமிழில் வெளியிட முடியுமா? முதலில் 2012 ஜெனீவா தீர்மானத்தைப் போட்டால் என் மொழிபெயர்ப்பையும் சரிபார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியை,
மதுரை மாவட்டம்