மகளைப் பார்க்க ஜெர்மனி போகிறீர்களா? முதல் விண்ணப்பமே பழுதில்லாமல் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியில் படிக்கும் மகளையோ மகனையோ பார்த்துவிட்டு வரலாம் என்று நம் ஊர்ப் பெற்றோர் பலர் மார்ச் கடைசி, ஏப்ரல் மாதப் பயணத்துக்குத் தயாராகும் நேரம் இது. விசா மறுக்கப்பட்டால் கட்டணம் இல்லாமல் தூதரகத்துக்கே மறுபரிசீலனை மனு எழுதிப்போடும் வழி முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அதை உலகம் முழுக்க நிறுத்திவிட்டது. இனி மறுபடியும் கட்டணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். இரண்டாவது நம்மால் ஆகிற காரியமா? இது இன்னும் பலருக்குத் தெரியவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

பயணத் தேதியை மகள்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவ வகுப்புகள் பிப்ரவரி நடுவில் முடிந்து, அடுத்த பருவ வகுப்புகள் ஏப்ரல் நடுவில் தொடங்கும். நடுவே இரண்டு மாதம் விடுமுறை என்று நாம் கணக்குப் போடுகிறோம். ஆனால் எழுத்துத் தேர்வுகள் பல அந்த இடைவெளியில்தான் வரும்; மார்ச் இறுதி வரைகூட இழுக்கும். கடைசித் தேர்வுக்கு மறுநாள் தொடங்கி முதல் வகுப்புக்கு முந்தைய நாள் வரைதான் உங்கள் நாட்கள். தொழில்சார்ந்த நடைமுறைப் படிப்புகள் நடத்தும் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மார்ச் நடுவிலேயே வகுப்பு தொடங்கிவிடும், அங்கே இந்தக் கணக்கும் செல்லாது. தம்பி, தங்கைக்கு இங்கே பொதுத்தேர்வு என்றால் அந்த வருடம் வசந்தத்தை விட்டுவிடுவதே நல்லது. மே மாதம் போனால் மகளுக்கு வகுப்பு மும்முரமாக நடக்கும்.

தேதி முடிவானதும் விண்ணப்பம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை கொடுக்கலாம். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், சந்தேகம் எழுந்தால் 45 நாள் வரை போகலாம். கோடை நெருங்க நெருங்க விண்ணப்பம் கொடுக்க நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே சிரமம். ஆகவே இரண்டரை, மூன்று மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 11 வயது வரை 45 யூரோ; விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கைக்கு வரும்வரை விமான டிக்கெட்டைப் பணம் கட்டி உறுதி செய்யாமல் முன்பதிவாக மட்டும் வைத்திருங்கள்.

நம் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இனிஷியல். மகளின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், அப்பா பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் இருக்கும், அம்மா பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டமே காலியாக இருக்கும். மூவரும் ஒரே குடும்பம் என்று கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? மகளின் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் தந்தை, தாய் பெயர் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தின் நகல் கட்டாயம் வேண்டும். அதை உங்கள் பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 'சண்முகம்' என்பதை ஒன்றில் 'ஏ' போட்டும் மற்றதில் 'யு' போட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், இருவரும் ஒருவரே என்று பிறப்புச் சான்றிதழோடு ஒரு பிரமாணப் பத்திரமும் இணைத்துவிடுங்கள்.

மகள் அனுப்ப வேண்டியவை: அழைப்புக் கடிதம், பாஸ்போர்ட் நகல், குடியிருப்பு அனுமதி அட்டையின் இரு பக்கங்கள், நடப்புப் பருவத்துக்கான பல்கலைக்கழகப் பதிவுச் சான்று. செலவுக்குப் பொறுப்பேற்பதாக அங்குள்ள அயலார் அலுவலகத்தில் (வெளிநாட்டவர் விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) 29 யூரோ கட்டி உறுதிமொழி வாங்கும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு நிலையான வருமானம் காட்ட வேண்டும் என்பதால் மாணவிக்குப் பெரும்பாலும் கிடைக்காது, அதற்கு அலைய வேண்டாம். மாணவர் விசாவுக்காக முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் கொஞ்சம் மட்டும் எடுக்க முடிகிற அவளுடைய முடக்கக் கணக்கில் இருக்கும் 11,904 யூரோவும் அவள் ஒரு வருடம் சாப்பிட்டு வாடகை கொடுப்பதற்கானது. அதைப் பயணச் செலவாகக் காட்டாதீர்கள். செலவு உங்களுடையது என்று சொல்லி, வங்கி முத்திரையிட்ட மூன்று மாதக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு அல்லது ஓய்வூதிய ஆணை, விடுப்புக் கடிதம் ஆகியவற்றை வையுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் உறவினரிடம் கைமாற்றாக வாங்கிக் கணக்கில் ஐந்து லட்சம் போட்டால், அந்த வரிதான் முதலில் கண்ணில் படும். உண்மையிலேயே வைப்புநிதி முதிர்ந்து வந்த பணம் என்றால் அந்த ரசீதையும் சேர்த்துவிடுங்கள்.

மாணவர் விடுதியில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைக் கட்டில் போட்ட சின்ன அறை. மூன்று பேருக்கு அந்த முகவரியை எழுதினால் நம்ப மாட்டார்கள், விடுதி விதியும் இடம் தராது. பக்கத்தில் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்யுங்கள். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் போவதிலும் தவறில்லை, அதே விசா போதும். ஆனால் ஜெர்மனியில் தங்கும் நாட்கள்தான் அதிகமாக இருக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் (இந்த ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) அனைத்திலும் செல்லுபடியாக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். அங்கே ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால், மறைத்த நோயைக் காட்டிப் பணம் தர மறுப்பார்கள். மாத்திரைகளை அட்டையோடு, மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள்.

பெட்டி கட்டும்போதுதான் அம்மாக்களுக்கு மனசு கேட்காது. நெய், பால்கோவா, பன்னீர், இறைச்சி எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. வீட்டு நெய் கால் லிட்டர் என்றாலும் அதேதான். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழத்துக்கு, பூச்சியோ நோயோ இல்லை என்று காட்டும் தாவரநலச் சான்றிதழ் கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் தேவைப்படாத பழங்கள் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துதான். ஆனால் கொப்பரையை நம் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், எண்ணெய்ப்பசை உள்ளதால் தீப்பிடிக்கும் பொருளாகக் கருதப்படுகிறது. கருவாட்டுக்குத் தடை இல்லை, ஆளுக்கு 20 கிலோ வரை மீன் வகை கொண்டுபோகலாம். வாசனை வெளியே வராதபடி கட்டுவது உங்கள் பொறுப்பு. கறிவேப்பிலையை இங்கேயே வறுத்துப் பொடித்து, பருப்புப் பொடி, இட்லிப் பொடியோடு கொடுத்தனுப்புவதே உத்தமம். அங்கே போய் அடைத்த அறையில் மிளகாய் வற்றலை வறுத்துவிடாதீர்கள். புகை எச்சரிக்கைக் கருவி அலறி, விடுதி முழுக்க வெளியே வந்து நிற்கும்.

விரல் ரேகையும் முகமும் பதிவு செய்யும் புதிய எல்லைப் பதிவு முறை 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது, 2026 ஏப்ரல் 10 முதல் எல்லா எல்லைகளிலும் முழுமையாக நடைமுறைக்கு வருகிறது. முதல்முறை பதிவுக்கு நேரம் பிடிக்கும். பிராங்பர்ட்டிலோ மியூனிக்கிலோ இறங்கி வேறு விமானமோ ரயிலோ பிடிப்பவர்கள் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

உள்ளூர்ப் பயணத்துக்கு 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' மலிவு. 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாம் அடங்கும், ஐசிஇ, ஐசி விரைவு ரயில்கள் அடங்காது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அது 30 நாள் டிக்கெட் அல்ல, காலண்டர் மாத டிக்கெட். மார்ச் 27 முதல் ஏப்ரல் 9 வரை போனால் இரண்டு மாதத்துக்கும் கட்ட வேண்டும். அது சந்தா என்பதால், ஒரு மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதத்தோடு நிற்கும். மறந்து 11ஆம் தேதி ரத்து செய்தால் ஊர் திரும்பிய பிறகும் 63 யூரோ கழியும்.

2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5. வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கடைகள் கிடையாது, சனிக்கிழமை ஒருநாள்தான் திறந்திருக்கும். பால், காய்கறியை வியாழக்கிழமையே வாங்கிவிடுங்கள், சனிக்கிழமைக் கூட்டத்தில் முதியவர்களை நிறுத்த வேண்டாம். மார்ச் 29 அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படும், அன்று காலை ரயில் பிடிப்பவர்கள் கவனிக்கவும். இரவில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கலாம். ஒரே தடித்த கோட்டைவிட, உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதன்மேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் என்று அடுக்காகப் போடுவதே வசதி. காய்ச்சல் போன்றவற்றுக்கு மருத்துவரின் வேலை நேரம் கடந்தால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழையுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை விதிப்படி பயன்படுத்திய இந்தியர்களுக்கு, இரண்டு ஆண்டு செல்லும் பலமுறை விசா வழங்க 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் வழிசெய்தது. மகளின் பட்டமளிப்புக்கு மறுபடி போக நினைப்பவர்கள், இந்த விசாப் பக்கத்தின் நகலையும் போர்டிங் பாஸ்களையும் எறிந்துவிடாமல் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஜெர்மனியில் படிக்கும் மாணவர்களின் பெற்றோர் சிலர்,
கோயம்புத்தூர்.