சட்டம் ஒன்று சொல்கிறது, டப்பா ஒன்று சொல்கிறது

அன்புள்ள மாப்ளே,

மகளுக்கு வரன் முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். தேதி முடிவானதும் எழுது, லீவுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அப்புறம், இங்கே அமெரிக்காவில் ஐவர்மெக்டின் என்கிற புழுத்தொற்று மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாமாமே என்று கேட்டிருந்தாய். ஆமாம், எங்கள் ஆர்கன்சாவில் 2025-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். டென்னசி 2022-லேயே வழி திறந்தது. அதே 2025-இல் ஐடஹோ, லூசியானா, டெக்சாஸும் சேர்ந்துகொண்டன.

ஆனால் எந்த மருந்துக்குச் சீட்டு வேண்டும் என்று முடிவு செய்வது மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. அதற்கு 1951-லிருந்தே தனிச் சட்டம் உண்டு. அதனால் டப்பாவில் இன்னமும் 'சீட்டுக்கு மட்டும்' என்றுதான் அச்சாகி வருகிறது. மாநிலம் கொடுக்கலாம் என்கிறது, டப்பா கூடாது என்கிறது. ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியது மருந்துக் கடை கவுன்ட்டரில் நிற்கும் நான்தானே? சட்டம் வந்த பிறகும் சீட்டு கேட்கிற கடைகள் இருப்பதில் ஆச்சரியமில்லை.

மருந்து நல்ல மருந்துதான். கண்டுபிடித்த ஒமுராவுக்கும் கேம்பலுக்கும் 2015-இல் நோபல் கொடுத்தார்கள். புழுத்தொற்றுக்குக் கேட்டால் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. வருகிறவர்கள் கேட்பதோ கோவிட்டுக்கும் புற்றுநோய்க்கும்! கோவிட்டில் பெரிய ஆய்வுகளில் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. குடற்புழுவுக்கே எடை பார்த்துத்தான் அளவு: கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 70 கிலோ ஆளுக்கு 3 மில்லிகிராம் மாத்திரை ஐந்து, ஒரே வேளையில். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவரா என்று வேறு விசாரிக்க வேண்டும்.

குதிரைக்கு விற்கிற ஐவர்மெக்டின் பேஸ்ட்டை வாங்கி விழுங்குவதற்கு இது எவ்வளவோ மேல் என்று சட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். அதை என்னால் முழுக்க மறுக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் சீட்டு வேண்டும் என்கிற கட்சி இல்லை நான். 2023-இல் ஓபியாய்டு போதை மருந்து அளவு மீறியவரைக் காப்பாற்றும் நலோக்சோன் ஸ்பிரேக்கும் ஓபில் கருத்தடை மாத்திரைக்கும் சீட்டு வேண்டாம் என்று எஃப்டிஏவே சொன்னது. சாதாரண ஆள் லேபிளைப் படித்துச் சரியாகப் புரிந்துகொள்கிறாரா என்று சோதித்துப் பார்த்த பிறகு சொன்னது. ஐவர்மெக்டினுக்கு சட்டமன்ற ஓட்டு போதும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

அது கிடக்கட்டும். நம் ஊரில் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய ஷெட்யூல் எச் மருந்துக்குச் சீட்டு கேட்டால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறான் என்று போன தடவை புலம்பினாயே, இப்போது எப்படி இருக்கிறது? விவரமாக எழுது.

உன் பழைய ரூம்மேட்