நாலாவது டவுனும் 650 அடியும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி தட்டிவிட்டுப் போகாமல் இன்னமும் நாலு பக்கம் பேனாவால் எழுதுகிறவன் எனக்குத் தெரிந்து நீ ஒருத்தன்தான். அதற்காகவே உடனே பதில் போட நினைத்தேன். நடுவில் ரெண்டு பெரிய பனிப்பொழிவு. வாசலில் பனி தள்ளித் தள்ளி இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது பரவாயில்லை, உட்கார்ந்து எழுத முடிகிறது.

போர்வெல் போட்ட கதையை எழுதியிருந்தாய். 500 அடியில் ஈர மண் கட்டி கட்டியாக வந்து ஆசை காட்டியது, 600ல் திரும்பவும் வெறும் வெள்ளைப் புழுதி, ரிக் வண்டிக்காரர் எஞ்சினை ஓடவிட்டபடியே "என்ன சார், இன்னும் அம்பது அடி போவமா, நிறுத்திருவமா?" என்று கேட்டது, நீ போகச் சொன்னது, 650ல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் குழாயை உருவியது எல்லாம் கண் முன்னால் நடந்த மாதிரி இருந்தது. இப்போது ஊரே நிபுணர் ஆகிவிட்டது, அண்ணன் தினமும் டீக்கடையில் "நான் அப்பவே சொன்னேன்" என்கிறார். "நான் செஞ்சது தப்பாடா?" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியிலேயே வழக்கமான நக்கல்: "உங்க டெட்ராய்ட் சிங்கம் இந்த வருஷமும் சுருண்டு படுத்துருச்சாமே?"

மாப்ளே, நீ ரெண்டு கேள்வி கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். கேட்டது ஒரே கேள்விதான்.

முதலில், நீ சிங்கம் என்கிற எங்கள் லயன்ஸ் அணி ஆடுகிற அமெரிக்கன் ஃபுட்பாலின் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கையால் தூக்கிக்கொண்டு ஓடுவதை எதற்கு ஃபுட்பால் என்கிறார்கள் என்று மறுபடி ஆரம்பிக்காதே, முப்பது வருடமாக எனக்கும் தெரியவில்லை. பந்து உன் கையில் இருக்கும்போது 10 யார்டு முன்னேற உனக்கு நாலு வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். 10 யார்டு தாண்டினால் மறுபடி புதிதாக நாலு. மூன்று முயற்சியில் தாண்டவில்லை என்றால் நாலாவதில் மூன்று வழி இருக்கிறது. பந்தை ஓங்கி உதைத்து எதிராளியைத் தூரத்துக்கு விரட்டலாம், அது பண்ட். கம்பத்துக்குக் கிட்டே இருந்தால் உதைத்து உள்ளே போடலாம், மூன்று புள்ளி, அது ஃபீல்டு கோல். இல்லை, துணிந்து இன்னொரு தடவை ஆடலாம். தாண்டினால் மறுபடி நாலு வாய்ப்பு உனக்கு. தாண்டாவிட்டால் பந்து அதே இடத்தில் எதிராளி கைக்குப் போய்விடும்.

காலம் காலமாக கோச்சுகள் நாலாவதில் உதைத்துத்தான் வந்தார்கள். டேவிட் ரோமர் என்று பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர். 1998லிருந்து மூன்று சீசன் ஆட்டங்களை எடுத்து, முதல் கால் பகுதியில் நடந்ததை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டார். 2006ல் ஒரு பெரிய பொருளாதார இதழில் கட்டுரையாக வந்தது. உதைக்க வேண்டிய இடத்தைவிட மிக அதிகமான இடங்களில் உதைக்கிறார்கள், ஜெயிக்கும் வாய்ப்பைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் சாரம். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு ஒரு பேராசிரியர் தேவையில்லை, உங்கள் ஊர் டீக்கடை போதும். உதைத்துத் தோற்றால் அணி தோற்றது என்பார்கள். ஆடித் தோற்றால் கோச் தோற்கடித்தான் என்பார்கள். வேலை போவது ரெண்டாவதில்தான்.

இப்போது எங்கள் கதை. டெட்ராய்ட் லயன்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1957ல். அதற்கப்புறம் 2023 வரைக்கும், தோற்றால் வெளியே என்கிற ப்ளேஆஃப் சுற்றில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், 1992 ஜனவரியில் டல்லஸுடன். 2008ல் ஆடிய 16 ஆட்டத்திலும் தோற்றார்கள், பதினாறுக்குப் பதினாறு. நான் இங்கே வந்த புதிதில், ஆபீஸில் திங்கட்கிழமை காலை யாராவது மூஞ்சியைத் தொங்கப்போட்டு வந்தால் வீட்டில் சண்டையா, லயன்ஸா என்று கேட்பார்கள்.

2021ல் டான் கேம்பெல் என்கிற ஆஜானுபாகு மனிதர் கோச்சாக வந்தார். வந்த அன்றைக்கே பேட்டியில், கீழே விழுந்தால் எழும்போது எதிராளி முழங்காலைக் கடித்துக்கொண்டே எழுவோம் என்றார். ஊரே சிரித்தது. முதல் வருடம் மூன்றே வெற்றி. ஆனால் அந்த மனிதர் நாலாவது டவுனில் உதைக்க மறுத்தார். தோற்கும்போதும் மறுத்தார், ஜெயிக்கும்போதும் மறுத்தார். 2024 ஜனவரியில் ராம்ஸ் அணியை 24-23 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தோம், அடுத்த வாரம் டாம்பா பேயை. இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்தால் சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டத்துக்கு லயன்ஸ் வரலாற்றிலேயே முதல் தடவையாகப் போகலாம்.

ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்கள் வீட்டுக்கு ஆட்டம் பார்க்க வந்தார். கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்தது 1958ல், அதாவது கோப்பை வாங்கியதற்கு அடுத்த வருடம். "ஒரு வருஷம் லேட்டாப் பொறந்துட்டேன்" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர். அவருக்கு என் மனைவி சுடும் முறுக்கு என்றால் உயிர். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சான் ஃபிரான்சிஸ்கோ அணியுடன் அவர்கள் மைதானத்தில் ஆட்டம். பாதி ஆட்டம் முடியும்போது 24-7 என்று நாங்கள் முன்னால். மூன்றாவது பகுதியில் 24-10. பந்து அவர்கள் பக்கம் 28வது யார்டு கோட்டில், நாலாவது டவுன், தேவை ரெண்டு யார்டு. உதைத்தால் சுமார் 46 யார்டு தூரம், விழுந்தால் 27-10. நான் எழுந்து நின்று "உதைடா, உதைடா" என்று தமிழிலேயே கத்தினேன். கேம்பெல் ஆடச் சொன்னார். எங்கள் ஜாரெட் காஃப் எறிந்த பந்து எங்கள் ஆள் ஜோஷ் ரெனால்ட்ஸ் கைக்கே வந்தது. கையில் பட்டு விழுந்தது. பெரியவர் வாயில் பாதி முறுக்கு. மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை யாராவது கதையாக எழுதினால் நம்ப மாட்டாய். அவர்கள் எறிந்த ஒரு நீளப் பந்து எங்கள் ஆள் ஹெல்மெட்டில் பட்டு எம்பி, கீழே விழுவதற்குள் பிராண்டன் ஐயுக் டைவ் அடித்துப் பிடித்தான். 51 யார்டு. அதிலிருந்து டச் டவுன், அதாவது பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டுவது, கூடுதல் உதையோடு ஏழு புள்ளி. அடுத்து எங்களுக்குப் பந்து வந்ததுமே ஜமீர் கிப்ஸ் நழுவவிட்டான், மறுபடி டச் டவுன், 24-24. கடைசிப் பகுதியில் 27-24 என்று நாங்கள் பின்னால். ஏழரை நிமிடம் பாக்கி, 30வது யார்டில் மறுபடி நாலாவது டவுன், தேவை மூன்று. உதைத்தால் சமன். கேம்பெல் மறுபடியும் ஆடச் சொன்னார். மறுபடியும் போச்சு. கடைசியில் 34-31. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. டப்பாவை மூடி மேசையில் வைத்தார், தன் டீக் கப்பைத் தானே சிங்கில் கழுவிவைத்தார், கோட்டைக்கூட எடுக்காமல் பனியில் இறங்கி நடந்து போனார். கோட்டை நான் மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த ஒரு வாரம் டிவியில், ரேடியோவில், முடிவெட்டும் கடையில் எங்கே போனாலும் கேம்பெல்லுக்கு அர்ச்சனைதான். மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றான், ரெண்டு தடவை மூன்று புள்ளியை வேண்டாம் என்றான், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவரோ அன்று ராத்திரியே, எடுத்த முடிவுக்கு வருத்தப்படவில்லை, திட்டுவார்கள் என்றும் தெரியும் என்று சொல்லிவிட்டார்.

நானும் திட்டினவன்தான் மாப்ளே. அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். கணக்குப் போடுகிற ஆட்களும் கிட்டத்தட்ட ரெண்டும் சமம், ஆடுவது ஒரு நூல் மேல் என்றுதான் சொன்னார்கள். எங்கள் உதைக்காரர் டிசம்பரில்தான் அந்த இடத்துக்கு வந்திருந்தார், திறந்த மைதானத்தில் 46 யார்டு அவருக்கு நிச்சயம் என்று சொல்ல முடியாது. பந்து ரெனால்ட்ஸ் கைக்கு வந்துவிட்டது, அவன் பிடித்திருந்தால் அதே முடிவைக் கொண்டாடியிருப்போம். அப்படியென்றால் நான் திட்டியது முடிவையா, ரெனால்ட்ஸின் விரல்களையா?

ரெண்டாவது முடிவில் மட்டும் எனக்கு இன்னமும் மனசு ஒப்பவில்லை. அவர்கள் வரிசையாக 20 புள்ளி அடித்துக் கூட்டம் ஆர்ப்பரிக்கிற நேரம், சமன் செய்து மூச்சு விட்டிருக்கலாம். அந்த மூச்சு விடுகிற கணக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை என்று நான் சொன்னால் என் மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். ஆனால் உண்மையான தப்பு ஒன்று நடந்தது, அதைப் பற்றி முடிவெட்டும் கடையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. கடைசியில், 34-24ல், சுமார் ஒரு நிமிடம்தான் பாக்கி. கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் நிற்கும்போது பந்தை எறியாமல் ஓட வைத்து, அதுவும் தடுக்கப்பட்டு, கடிகாரத்தை நிறுத்த ஒரு டைம் அவுட்டை எரித்தார்கள். அது இருந்திருந்தால் எதிராளியை நிறுத்தி இன்னொரு தடவை பந்தை வாங்கப் பார்த்திருக்கலாம். அது துணிச்சலும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, வெறும் கவனப்பிசகு. கவனப்பிசகை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. துணிச்சலைத்தான் தூக்கில் போடுகிறார்கள்.

அவ்வளவு திட்டு வாங்கிய மனிதர் மாறினாரா என்று கேள். 2024 டிசம்பர் 5, கிரீன் பே அணியுடன் 31-31. 43 வினாடி பாக்கி. 21வது யார்டில் நாலாவது டவுன், தேவை ஒரு யார்டு. உதைத்தால் அநேகமாக மூன்று புள்ளி நிச்சயம், ஆனால் எதிராளிக்கு நேரம் மிச்சம் இருக்கும். கேம்பெல் ஆடினார். டேவிட் மான்ட்கோமரி 7 யார்டு போனான், கடிகாரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசி வினாடியில் ஜேக் பேட்ஸ் உதைத்து 34-31. அதே மூன்று புள்ளி வித்தியாசம், இந்தத் தடவை எங்கள் பக்கம். மறுநாள் அதே முடிவெட்டும் கடையில் கேம்பெல் மேதை.

நீ நக்கலடித்த ஆட்டம் 2025 ஜனவரி 18ல் நடந்தது. 15 வெற்றி, 2 தோல்வி என்று முதலிடத்தில் இருந்தோம், சொந்த மைதானம். வாஷிங்டன் அணி வந்து 45-31 என்று அடித்துவிட்டுப் போனது. இதில் கேம்பெல்லின் நாலாவது டவுன் முடிவுகளைக் குறை சொல்ல முடியாது. பந்தை ஐந்து தடவை எதிராளியிடம் பறிகொடுத்தோம். தடுப்பாட்டக்காரர்கள் பாதிப் பேர் காயம்பட்டு வீட்டில், அக்டோபரிலேயே ஏடன் ஹட்சின்சனுக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. ஜேடன் டேனியல்ஸ் என்கிற புதுப் பையன் எங்களைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கினான். தோற்ற கையோடு ரெண்டு முக்கிய உதவி கோச்சுகளும் வேறு அணிகளுக்குத் தலைமைக் கோச்சாகப் போய்விட்டார்கள். சூப்பர் பவுலைப் பிலடெல்பியா கொண்டுபோனது, 40-22. அவர்கள் ஒரு யார்டு தேவைப்பட்டால், பந்தை எறிகிற ஆளான குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து கும்பலாக முட்டித் தள்ளினார்கள், நம் ஊரில் மினி பஸ் தள்ளுகிற மாதிரி. அதைத் தடை செய்ய வேண்டும் என்று அப்போது பாதி நாடு கத்தியது. தடுக்கத் தெரியாதவன்தானே தடை கேட்பான்.

சரி, உன் போர்வெல்லுக்கு வருகிறேன். 600 அடிக்கு அழுத காசு 600லேயே போய்விட்டது, நிறுத்தினாலும் திரும்பி வராது. அன்றைக்கு உன் முன்னால் இருந்த கேள்வி அடுத்த 50 அடிக்கு மட்டும்தான். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, விடக்கூடாது" என்ற ரோஷத்தில் போகச் சொன்னாய் என்றால் தப்பு, தண்ணீர் வந்திருந்தாலும் தப்பு. பக்கத்துத் தோட்டத்தில் 630ல் ஊற்றுக் கிடைத்தது என்று போன தடவை எழுதியிருந்தாயே, அதை மனதில் வைத்துச் சொன்னாய் என்றால் நீ செய்தது சரி, சொட்டுத் தண்ணீர் வராவிட்டாலும் சரி. எது என்று எனக்குத் தெரியாது. ரிக் வண்டி பக்கத்தில் நின்றது நீதான். அண்ணனுக்கும் தெரியாது, அதை மட்டும் அவரிடம் சொல். முப்பது வருட ஆபீஸ் வாழ்க்கையில் நாலாவது டவுன் வந்தபோதெல்லாம் உதைத்தே காலம் தள்ளினவன் சொல்கிறேன், என்னை ஒருத்தரும் ஒரு குறையும் சொன்னதில்லை. பதவி உயர்வு பற்றியும் சொன்னதில்லை, அது வேறு கதை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். மகள் படிப்பு மே மாதம் முடிகிறது. என் மனைவிக்கு முழங்கால் வலி, டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இவள் தைலம் என்கிறாள். பெரியவர் நேற்று வந்து அடுத்த சீசன் எப்போது தொடங்கும் என்று நாள் கணக்குப் போட்டுவிட்டுப் போனார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தக் குழிக்கு மூடி போட்டாயா? சாக்கைக் கட்டி, மேலே கல்லைத் தூக்கி வைத்தேன் என்று எழுதாதே. இரும்பு மூடி வாங்கி, போல்ட் போட்டு முடுக்கு. தெருவில் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடம். போட்டதும் ஒரு போட்டோ அனுப்பு, இதற்கு மட்டும் வாட்ஸ்அப் போதும்.

அன்புடன்,
உன் பழைய ரூம் மேட்